கொட்டாங்குச்சிக்கு அடியில் ஐந்து

ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மாக்கள் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுவது, "நூறு வரைக்கும் சொல்லுவான் டீச்சர்" என்பதைத்தான். சொல்லுவான், சந்தேகமில்லை. மூச்சு விடாமல் சொல்லுவான். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஒன்றிலிருந்துதான் தொடங்கத் தெரியும். அவன் முன்னால் ஏழு புளியங்கொட்டைகளைப் பரப்பி எண்ணச் சொன்னால், விரல் ஒரு வேகத்தில் போகும், வாய் வேறொரு வேகத்தில் போகும். எப்படியோ ஏழில் வந்து சரியாக நின்றாலும், "சரி, மொத்தம் எத்தனை இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று திரும்ப ஆரம்பிப்பான். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தக் குவியலின் அளவு என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

ரோஷெல் கெல்மன், சி.ஆர். கேலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978-இல் வெளியிட்ட நூலில், எண்ணுதல் என்ற ஒரு செயலுக்குள் ஐந்து தனித்தனி விதிகள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண், எண்களின் வரிசை மாறக்கூடாது, கடைசி எண்ணே மொத்தம் என்பவை அவற்றில் மூன்று. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அதேதான் என்பது இன்னொன்று. பெரியவர்களுக்கு இது விதியாகவே தோன்றாது. ஆனால் எங்கள் வகுப்பில் இடமிருந்து எண்ணியபோது ஏழு வந்ததையும் வலமிருந்து எண்ணியபோதும் ஏழு வந்ததையும் பார்த்து வாயைப் பிளந்த பிள்ளைகள் உண்டு. இந்த நிலையில் இருப்பவனிடம் போய் மூன்றும் நான்கும் எத்தனை என்று கேட்பதில் அர்த்தமில்லை. எனவே ஜூன், ஜூலை மாதங்களில் கூட்டல் என்ற பேச்சையே எடுக்க மாட்டேன். மதிய உணவுக்குத் தட்டு எடுத்து வைக்கும் வேலையைக் கொடுப்பேன். ஆளுக்கொரு தட்டு; ஒன்று குறைந்தால் யாராவது அழுவார்கள். அழுகை வராமல் இருக்க எண்ணியாக வேண்டும்.

நான் வேலை பார்ப்பது திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. மாவுக்கும் புளிக்கும் பேர்போன பகுதி. மா என்றால் இங்கே மாந்தோப்பு. மாசி, பங்குனியில் வீட்டு வாசல்களில் உட்கார்ந்து புளியை உடைத்துக் கொட்டை எடுப்பார்கள். ஆகவே எண்ணுவதற்குப் பொருள் தேடி நான் அலைந்ததே இல்லை. ஒரு சாக்குப் பை நிறையப் புளியங்கொட்டை பிள்ளைகளே கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். கழுவி வெயிலில் காயவைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. சிலர் அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியையும் பொறுக்கி வருவார்கள். அதை மட்டும் வகுப்புக்குள் விடுவதில்லை. அந்த விதை நஞ்சு, உடைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஐந்து வயதில் எதுவும் வாய்க்குத்தான் முதலில் போகும்.

இன்னொரு பொருள் சத்துணவுக் கூடத்திலிருந்து கிடைக்கிறது, காகிதக்கூழில் செய்த முட்டை அட்டை. ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி, மொத்தம் 30. இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழி கொண்ட துண்டுகள் மூன்று. கடையில் விற்கும் கணித உபகரணம் எதையும் இதற்கு ஈடாக நான் கண்டதில்லை. மேல் வரிசை நிறைந்தால் ஐந்து, இரண்டும் நிறைந்தால் பத்து என்பதை எண்ணாமலே கண் சொல்லிவிடும். ஏழு என்றால் ஒரு முழு வரிசையும் இரண்டும். அதே நொடியில், பத்துக்கு இன்னும் மூன்று குழி காலி என்பதும் தெரிகிறது.

முதல் ஆட்டம் ஐந்து கொட்டைகளில் தொடங்கும். கொட்டையின் ஒரு பக்கத்தைச் சிமென்ட் தரையில் தேய்த்தால் உள்ளே வெள்ளை தெரியும். தாயம் ஆடுவதற்குக் கட்டை இல்லாத வீடுகளில் இப்படித்தான் செய்வார்கள். தேய்க்கிற வேலையைப் பிள்ளைகளிடமே விடுவேன். தேய்த்த சூட்டோடு பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அலறவிடுவதும் நடக்கும். நாமும் செய்ததுதானே, கொஞ்ச நேரம் பார்க்காத மாதிரி இருந்துவிடலாம்.

ஐந்து கொட்டைகளையும் குலுக்கி வீச வேண்டும். மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. அடுத்த முறை ஒன்று வெள்ளை, நான்கு கறுப்பு. விழுந்ததை விழுந்தபடி கீழ்க்கரும்பலகையில் வட்டமாக வரைவார்கள், வெள்ளைக்கு வெறும் வட்டம், கறுப்புக்கு நிரப்பிய வட்டம். செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தபோது பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரோரமாக அடிக்கப்பட்ட கரும்பலகை அது. அந்த முறையின் ஏணிப்படியும் அட்டைகளும் போய் இப்போது 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்துவிட்டது. கரும்பலகை மட்டும் எனக்கு இன்றும் உதவுகிறது. சில நாளில் பலகை நிறைந்ததும் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்: "டீச்சர், எப்படிப் போட்டாலும் அஞ்சுதான்!" ஆமாம், ஐந்து கொட்டையை வீசினால் ஐந்துதானே விழும் என்று நமக்குத் தோன்றும். அவர்களுக்கோ, ஐந்துக்குள்ளே இத்தனை விதமாகப் பிரிகிற இடம் இருக்கிறது என்பது பெரிய செய்தி. ஒரு வெள்ளைகூட விழாத எறிவுக்கு என்ன வரைவது என்று சண்டை வரும். பூஜ்ஜியத்தை நான் கற்பித்ததே இல்லை, அந்தச் சண்டைதான் கற்பித்தது.

பிறகு ஆட்டம் மாறும். ஒருவன் வீசி, கறுப்புக் கொட்டைகளைக் கையால் மூடிக்கொள்வான். "வெள்ளை ரெண்டு. கைக்குள்ள எத்தனை?" எதிரே இருப்பவள் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கைக்குள் இருக்கும் கொட்டைகள் அவளுக்கு. ஐந்து சரளமானதும் ஆறு கொட்டை, ஏழு, பத்து என்று கூட்டிக்கொண்டே போகலாம். பெண்பிள்ளைகள் ஆடும் ஐந்தாங்கல்லும் இதே வேலையைச் செய்கிறது. மேலே ஒரு கல்லை எறிந்துவிட்டுக் கீழே உள்ள நான்கை ஒவ்வொன்றாக அள்ளுவது, இரண்டிரண்டாக அள்ளுவது, மூன்றும் ஒன்றுமாக அள்ளுவது, நான்கையும் சேர்த்து அள்ளுவது. நான்கைப் பிரிக்கும் வழிகள் விரல்களிலேயே ஏறிவிடுகின்றன. ஐந்தாங்கல் நன்றாக ஆடும் பிள்ளை சின்ன எண்களில் தடுமாறி நான் பார்த்ததில்லை.

தாயக்கட்டையைக் கூட்டலுக்குக் கொண்டுவந்தபோதுதான் ஒரு வில்லங்கம். பித்தளைக் கட்டையின் மூன்று பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். நான்காவது பக்கம் வெறுமை. இரண்டு கட்டையும் சேர்ந்து இரண்டும் மூன்றும் விழுந்தால் ஐந்து, மூன்றும் மூன்றும் விழுந்தால் ஆறு, எல்லாம் ஒழுங்காகத்தான் போகும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு! "ஒண்ணுமே இல்லாம எப்படிடா பன்னெண்டு?" என்று உருட்டியவனிடம் கேட்டேன். "எங்க வீட்ல ஒண்ணுமில்லாட்டி பன்னெண்டுதான் டீச்சர். எங்க அப்பத்தாகிட்ட கேளுங்க" என்றான். அப்பத்தாவை எதிர்த்து வழக்காடும் துணிச்சல் எனக்கில்லை. அதனால் வகுப்பில் கூட்டலுக்கு ஆறு பக்கப் பகடையை வைத்துக்கொண்டேன்.

இரண்டு பகடைகளை உருட்டினால் ஆரம்பத்தில் எல்லாரும் ஒரே மாதிரிதான் செய்வார்கள். ஐந்தும் மூன்றும் விழுந்தால் முதல் பகடையின் புள்ளிகளை ஒன்று முதல் ஐந்து வரை தொட்டு எண்ணி, இரண்டாவதை ஆறு, ஏழு, எட்டு என்று முடிப்பார்கள். விடை சரி. சரியான விடை வருவதாலேயே அந்தப் பழக்கம் அப்படியே தங்கிவிடுகிறது. மூன்றாம் வகுப்பு வரைக்கும் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை எல்லாப் பள்ளியிலும் பார்க்கலாம். நோட்டில் சிறுசிறு கோடு போட்டுக் கூட்டுகிறார்களே, அதுவும் இதே கதைதான். பெரிய எண் வந்ததும் கோடுகளுக்கு நடுவில் தொலைந்துபோவார்கள். ஐந்தைத் திரும்ப எண்ண வேண்டியதில்லை, அது ஏற்கெனவே ஐந்துதான் என்ற நம்பிக்கையில் அங்கிருந்து ஆறு, ஏழு, எட்டு என்று தொடர்வதுதான் கூட்டலின் நிஜமான வாசல். இந்த ஒரு அடியை எடுத்துவைக்கச் செய்வதற்காகத்தான் நான் ஆடும் ஆட்டங்களில் பாதி.

இதை வாயால் சொல்லிக்கொடுக்க முடியும். "அஞ்சை மனசுல வச்சுக்கோ, மூணை விரல்ல வச்சுக்கோ" என்று சொல்லிக்கொடுக்காத ஆசிரியர் இல்லை. பிள்ளையும் சொல்லும். ஆனால் மனசில் எப்படி வைப்பது என்று அதற்குத் தெரியாது. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு பரிதாபமாக நம்மைப் பார்க்கும். சொல்லித் தருவதைவிட, பழைய வழி செல்லாத ஓர் ஆட்டத்தைக் கொடுப்பது மேல் என்பது என் கட்சி.

அதற்குக் கொட்டாங்குச்சி. பிள்ளையின் கண் முன்னாலேயே ஐந்து கொட்டைகளை எண்ணிக் கொட்டாங்குச்சியால் மூடுவேன். மேலே சாக்பீஸால் 5 என்று எழுதுவேன். வெளியே இரண்டு கொட்டைகளை வைத்து, "எல்லாம் சேர்த்து எத்தனை?" என்று கேட்பேன். முதலில் சிலர் கொட்டாங்குச்சியைத் தூக்கப் பார்ப்பார்கள். தூக்கினால் ஆட்டம் போச்சு என்பது விதி. அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். கொட்டாங்குச்சியின் முதுகில் ஐந்து முறை விரலால் தட்டி, கண்ணுக்குத் தெரியாத கொட்டைகளை எண்ணுவார்கள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு", பிறகு வெளியே வந்து "ஆறு, ஏழு." தெரியாத ஒன்றை மனதில் நிறுத்தி எண்ணத் தொடங்கிவிட்டார்கள் என்றால் பாதித் தூரம் வந்தாயிற்று. அவசரப்பட்டு, "ஏன் தட்டுற? அதான் அஞ்சுன்னு எழுதியிருக்கே" என்று எடுத்துக்கொடுத்தால் எல்லாம் கெட்டது.

அதற்குப் பதிலாக உள்ளே ஒன்பது கொட்டைகளை வைப்பேன். வெளியே இரண்டு. ஒன்பது தடவை தட்டுவது அலுப்பான வேலை. எட்டா ஒன்பதா என்ற குழப்பமும் வரும். அடுத்த ஆள் "சீக்கிரம்டி, சீக்கிரம்டி" என்று உயிரை வாங்குவான். அந்த நெருக்கடியில் ஒருநாள் தட்டுகிற கை நின்றுவிடும். கொட்டாங்குச்சியை ஒரே ஒரு தரம் தொட்டு, "ஒம்போ...து" என்று இழுத்து, "பத்து, பதினொண்ணு" என்று முடிப்பாள். குழந்தையின் சோம்பல் இந்த இடத்தில் எனக்குப் பெரிய துணை. இழுக்கிற அந்த "ஒம்போது" சில வாரங்களில் குறுகி, பிறகு காணாமலே போகும்.

தவறும் வரும். ஐந்தும் இரண்டும் எத்தனை என்றால் "அஞ்சு, ஆறு" என்று ஐந்தையே முதல் கொட்டைக்குக் கொடுத்து ஆறு என்பார்கள். திருத்த மாட்டேன். கொட்டாங்குச்சியைத் தூக்கி எண்ணிப் பார்க்கச் சொல்வேன். டீச்சர் தப்பு என்று சொன்னால் அழுகை வருகிறது; கொட்டாங்குச்சி சொன்னால் சிரிப்பு வருகிறது. உள்ளே இரண்டு, வெளியே எட்டு என்று வேண்டுமென்றே வைத்தால் இன்னொரு நாடகம் நடக்கும். இரண்டிலிருந்து தொடங்கி எட்டுப் படி ஏறுவார்கள். பல நாள் ஏறிய பிறகு எவனாவது ஒருவன், "டீச்சர், நான் வெளிய இருந்து ஆரம்பிக்கலாமா?" என்று அனுமதி கேட்பான். எந்தப் பக்கம் தொடங்கினாலும் கூட்டுத்தொகை ஒன்றே என்ற விதி எங்கள் வகுப்பில் இந்த அனுமதி மனுவாகத்தான் வந்து சேரும்.

பலகை ஆட்டத்திலும் இதே அடியைப் பழக்கலாம். பரமபதம் பிள்ளைகளுக்கு உயிர். ஆனால் அதில் வரிசைகள் மாறி மாறி இடமும் வலமுமாகத் திரும்புவதால் சின்னவர்கள் திசையிலேயே தொலைந்துபோகிறார்கள். நான் வராந்தாவில் நேர்கோடாக 1 முதல் 20 வரை கட்டம் போட்டுவிடுவேன். பிள்ளைகளே காய். கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் அமெரிக்காவில் வறிய குடும்பங்களின் மழலையரிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒன்று முதல் பத்து வரை நேர்வரிசையில் எண் எழுதிய பலகையில் சில நாள்கள் ஆடியவர்களுக்கு எண்ணறிவு கூடியது. எண்ணுக்குப் பதில் வெறும் நிறங்கள் பூசிய பலகையில் அதே ஆட்டத்தை ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. பின்னர் 2014-இல் எலிடா லாஸ்கியும் சீக்லரும் இன்னொரு நுணுக்கத்தைக் காட்டினார்கள். காயை நகர்த்தும்போது "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணாமல், நிற்கிற கட்டத்திலிருந்து தொடர்ந்து கட்டத்தின் எண்ணையே சொல்லி நகர்த்திய பிள்ளைகளே அதிகம் கற்றார்கள். பதினொன்றில் நிற்பவனுக்கு மூன்று விழுந்தால் "பன்னெண்டு, பதிமூணு, பதினாலு" என்று சொல்லிக்கொண்டே தாவ வேண்டும். எங்கள் வராந்தாவில் அதுதான் சட்டம். மாற்றிச் சொன்னவர் பழைய கட்டத்துக்கே திரும்ப வேண்டும்.

சட்டத்தைக் காப்பாற்றுவது நான் இல்லை, எதிராளிதான். "டீச்சர், அழுகுணி ஆட்டம் ஆடுறான், பதினஞ்சுக்குப் போயிட்டான்!" என்ற கூச்சல் எழுந்தால் கூட்டல் சரிபார்க்கப்படுகிறது என்று பொருள். ஒவ்வொரு எறிவையும் இரண்டு பேர் கூட்டுகிறார்கள், உருட்டியவனும் அவனை நம்பாதவளும். நாற்பது கணக்கு எழுதிய நோட்டைத் திருத்த எனக்கு ஒரு மாலை வேண்டும். ஆட்டத்தில் தப்பு நடந்த நொடியிலேயே திருத்தம் நடக்கிறது, அதுவும் இரக்கமே இல்லாமல். நடுவில் பெரியவர் ஒருவர் நுழைந்து, "எங்க, மூணும் நாலும் எவ்வளவு சொல்லு பாப்போம்" என்றால் எல்லாம் முடிந்தது. பார்வையிட வந்த ஓர் அதிகாரி அப்படிக் கேட்டபோது, இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் அதே ஏழைக் கத்திச் சொன்னவள் சிலையாக நின்றாள். ஆடும்போது தன் காய் எங்கே போகும் என்பதற்காகக் கூட்டியவள், இப்போது அவர் முகத்தில் விடையைத் தேடினாள். பார்க்க வருபவர்களை இப்போதெல்லாம் நான் ஆட்டத்தில் சேர்த்துவிடுகிறேன். பகடையைக் கையில் கொடுத்தால் கேள்வி கேட்க மறந்துபோகிறார்கள்.

விரல் விட்டு எண்ணலாமா என்பது பெற்றோர் கூட்டத்தில் தவறாமல் வரும் கேள்வி. தாராளமாக. பத்தும் உடம்போடு வருகிறது, தொலையாது. ஒரு கை ஐந்து என்பது முட்டை அட்டையின் மேல் வரிசையைப் போலவே உதவும். ஆனால் வீட்டில் அம்மாச்சிகள் பழக்கும் விரல்கணு எண்ணிக்கையை முதல் வகுப்பில் நான் ஊக்குவிப்பதில்லை. நாள் கணக்குக்கும் பால் கணக்குக்கும் அது அற்புதமான கருவி. விரலுக்கு மூன்று கணு என்று போவதில் ஐந்தும் பத்தும் கண்ணில் படாமல் நழுவிவிடுகின்றன. எட்டைக் கணுவில் காட்டினால் பத்துக்கு இன்னும் இரண்டு என்பது தெரியாது. நீட்டிய விரல்களில் தெரியும்.

கடை விளையாட்டைத் தைப் பொங்கலுக்குப் பிறகுதான் தொடங்குவேன். தீப்பெட்டி, மிட்டாய்க் காகிதம், உடைந்த பேனா, எல்லாம் சரக்கு. காசு மட்டும் நிஜம். மாலையில் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வேன். ஐந்து ரூபாய் நாணயத்தைக் கொட்டாங்குச்சி ஆட்டம் ஆடாத பிள்ளை 'ஒண்ணு' என்று எண்ணும். அதற்குள்ளே புள்ளியும் இல்லை, கொட்டையும் இல்லை. திறந்து பார்க்கவும் முடியாது. ஐந்து என்று நம்பி அங்கிருந்து தொடர்வதைத் தவிர வழியே இல்லை. கொட்டாங்குச்சியில் தேறியவர்களுக்கு இது சர்வ சாதாரணம். பத்து ரூபாய் நாணயத்தோடு ஒருத்தி வந்தபோது கடைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இது செல்லாது, நோட்டா இருந்தா குடு" என்றான். ரிசர்வ் வங்கி எத்தனை முறை செல்லும் என்று அறிவித்தும் ஊர்க்கடைகளில் நடந்ததைத்தான் அவனும் நடத்தினான். நான் தலையிட்டு அந்த நாணயத்தைச் செல்லவைக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அடுத்த ஆட்டத்துக்குப் பத்து தேவை.

எட்டும் ஐந்தும் சேர்ந்தால் என்ன? முட்டை அட்டைத் துண்டு இரண்டு. ஒன்றில் எட்டு, மற்றதில் ஐந்து. முதல் அட்டையில் இரண்டு குழி காலியாக இருப்பது கண்ணை உறுத்தும். பக்கத்து அட்டையிலிருந்து இரண்டை எடுத்து நிரப்பினால் ஒரு முழுப் பத்து, மீதி மூன்று. இந்த இரண்டை எடுத்து நிரப்புகிற வேகம், முன்னாலே கைக்குள் கொட்டை மறைத்து ஆடினார்களே, அங்கே சம்பாதித்தது. ஐந்துக்குள் இரண்டும் மூன்றும் இருப்பது தெரியாதவன் இங்கே வந்து திணறுவான். அப்படித் திணறினால் அட்டையை ஓரமாக வைத்துவிட்டு அவனோடு மறுபடி ஐந்து கொட்டை வீசுவேன். பின்னால் போவதைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆட்டம்தானே.

கூட்டல் குறி இதற்கெல்லாம் பின்னால்தான் வரும். ஆட்டக் கணக்கை எழுதிவைக்கப் பிள்ளைகளிடமே சொல்வேன். இரண்டு பகடையில் விழுந்ததையும் மொத்தத்தையும் தங்களுக்குத் தோன்றியபடி குறிப்பார்கள். ஒருவன் இரண்டு எண்களுக்கு நடுவில் கோடு போட்டான், ஒருத்தி பூப் போட்டாள், இன்னொருவன் இரண்டையும் ஒரே வட்டத்துக்குள் அடைத்தான். மறுநாள் அடுத்தவர் எழுதியது யாருக்கும் புரியவில்லை. எல்லாரும் ஒரே அடையாளம் போடலாமா என்று கேட்டு, அப்போது + என்று எழுதிக் காட்டினேன். பூவை விட்டுக்கொடுக்க அவளுக்கு மட்டும் மனமில்லை. சமக்குறியை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கையாளுவேன். 3 + 2 = 5 என்று மட்டுமே எழுதிப் பழகியவர்களுக்கு அந்தக் குறி 'விடையை இங்கே போடு' என்ற ஆணையாகப் பதிந்துவிடுகிறது. 5 = 3 + 2 என்று எழுதினால் தலைகீழாக எழுதியிருக்கிறது என்பார்கள். கொட்டை வீசும் ஆட்டத்தில் ஐந்துதான் முதலில் கையில் இருக்கும், பிறகுதான் பிரியும். அதனால் அங்கே அப்படியே எழுதவைக்கிறேன்.

"நோட்டுல ஒண்ணுமே இல்லையே டீச்சர், வீட்டுப்பாடமாவது குடுங்க" என்று கேட்பவர்களுக்கு இரண்டு பகடையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்புகிறேன். இரவு சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிஷம் பிள்ளையோடு ஆட வேண்டும். பெரியவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை, பிள்ளை சொல்வதற்கு முன் விடையைச் சொல்லக் கூடாது. ஜெயிப்பதற்குத் தடையில்லை. மறுநாள் காலை வருகைப்பதிவு எடுப்பதற்கு முன்பே தகவல் வந்துவிடும்: "டீச்சர், எங்க அப்பா ரெண்டு தடவ முன்னாடியே சொல்லிட்டாரு. அவர அவுட்டாக்கிட்டு அம்மாகூட ஆடுனேன்."